உகாண்டாவின் ஓரினச்சேர்க்கைச் சட்டம்: பைபிளா, வெள்ளைக்காரனா, அரசியலா?

வடகரையான்:
வேறொரு இழையில் உகாண்டாவின் இந்தச் சட்டம் பற்றி ஒருவர் "அது ஆப்பிரிக்கர்களின் பண்பாடு, நாம் ஏன் மூக்கை நுழைக்க வேண்டும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டுப் போனார். அங்கே பதில் போட்டால் திசை மாறிவிடும், அதனால் தனியாகத் திறக்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்ப்போம். 2023 மே மாதம் அதிபர் முசெவேனி கையெழுத்துப் போட்டார். ஒரே பாலினத்தவர் உறவுக்கு ஆயுள் தண்டனை. சிறார், 75 வயது தாண்டியவர், மாற்றுத்திறனாளி, எச்ஐவி தொற்று (இதை 2024இல் நீதிமன்றம் வெட்டியது), இரண்டாம் முறை குற்றம் என்று சிலவற்றைப் பிரித்து "கடுமையான ஓரினச்சேர்க்கை" எனப் பெயர் வைத்து அதற்கு மரண தண்டனை. "ஊக்குவித்தால்" 20 ஆண்டு வரை உள்ளே. சிறாரைக் கெடுப்பவனைத் தண்டிக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். அதற்கு அங்கே ஏற்கெனவே சட்டம் இருக்கிறது. இங்கே செய்திருப்பது, அந்தக் குற்றத்தையும் வயது வந்த இருவர் தங்கள் விருப்பத்தில் செய்வதையும் ஒரே மூட்டையில் கட்டியது.

இதன் கதை 2009 மார்ச்சில் தலைநகர் கம்பாலாவில் ஓரினச்சேர்க்கைக்கு எதிராக நடந்த ஒரு கருத்தரங்கில் தொடங்குகிறது. உள்ளூர் அமைப்பாளர் ஸ்டீஃபன் லங்கா. பேச வந்த மூன்று பேரும் அமெரிக்கர்கள். அதில் ஸ்காட் லைவ்லி என்பவர், நாஜி ஆட்சிக்குப் பின்னால் இருந்ததே ஓரினச்சேர்க்கையாளர்கள்தான் என்று எழுதிக்கொண்டு திரிபவர். அந்தப் பயணத்தில் நாடாளுமன்ற உறுப்பினர்களையும் சந்தித்துப் பேசினார். அதே ஆண்டு அக்டோபரில் நாடாளுமன்ற உறுப்பினர் டேவிட் பஹாத்தி மசோதாவைக் கொண்டுவந்தார், அதில் தூக்கு இருந்தது. பஹாத்தி யார்? வாஷிங்டனில் ஆண்டுதோறும் அதிபரையே வரவழைத்து ஜெபக் காலை விருந்து நடத்திவந்த வலைப்பின்னலோடு தொடர்புள்ளவர். (அந்த அமெரிக்கர்கள் பிறகு "நாங்கள் மசோதாவை ஆதரிக்கவில்லை" என்றார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.)

என் கேள்வி இதுதான். அமெரிக்காவில் தோற்றுக்கொண்டிருந்த ஒரு மத அரசியலை விமானத்தில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கியிருக்கிறார்கள். இதைப் போய் ஆப்பிரிக்கப் பண்பாடு என்றால் எப்படி?

பாளையங்கோட்டை சாம்:
வடகரையான், பாதிக் கதை சொல்லியிருக்கிறீர்கள். மூன்று பேர் வந்து பேசியதால் ஒரு நாடே மாறிவிட்டது என்றால் உகாண்டாக்காரர்களுக்குச் சொந்த மூளையே இல்லை என்று ஆகிவிடும். 2009க்கு முன்பே அவர்களுடைய தண்டனைச் சட்டத்தின் 145ஆம் பிரிவு "இயற்கைக்கு மாறான" உறவுக்கு ஆயுள் தண்டனை வரை வைத்திருந்தது. அதை லைவ்லி எழுதவில்லை.

அப்புறம் அந்த மூவரில் டான் ஷ்மீரர் என்பவர், தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று பிறகு புலம்பினார். லைவ்லியே மரண தண்டனை அதிகப்படி என்றார். ரிக் வாரன் அமெரிக்காவின் பெரிய போதகர்களில் ஒருவர், உகாண்டாவில் நல்ல செல்வாக்கு உள்ளவர். அவர் 2009 டிசம்பரில் உகாண்டா போதகர்களுக்கே நேரடியாக வீடியோவில் இந்த மசோதாவை எதிர்க்கச் சொன்னார். கொஞ்சம் தாமதம்தான், ஆனால் சொன்னார். எல்லாக் கிறிஸ்தவர்களையும் ஒரே கோணியில் போட வேண்டாம்.

வடகரையான்:
சாம், 145ஆம் பிரிவு எங்கிருந்து வந்தது? அதுவும் தேவாலயத்திலிருந்துதான். இங்கிலாந்தில் இது முதலில் சபை நீதிமன்றங்களின் விவகாரம். 1533இல் எட்டாம் ஹென்றி காலத்தில்தான் அரசாங்கக் குற்றமாகி மரண தண்டனை வந்தது. அதுவே உருமாறி 1860 இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 377ஆம் பிரிவு ஆனது. கிழக்கு ஆப்பிரிக்காவை ஆளப் போனபோது வெள்ளைக்காரன் கையோடு எடுத்துப் போனது நம் ஊர்ச் சட்டப் புத்தகத்தைத்தான், 1930 வாக்கில்தான் அதை மாற்றி ஆஸ்திரேலியக் குயின்ஸ்லாந்துச் சட்டத்தை ஒட்டிய ஒன்றை வைத்தார்கள். கம்பாலாவில் ஒருவனை எதற்காகப் பிடித்தார்களோ அதே காரணத்துக்காக அந்தக் காலத்தில் மதராஸிலும் பிடித்திருக்கலாம்.

ஈரோட்டுச் செங்கல்:
இவ்வளவு நீட்டி முழக்குவானேன். மதம் இருக்கும் இடத்தில் இப்படித்தான் இருக்கும். முடிந்தது கதை.

காயல் நூர்:
செங்கல் தோழர், அவ்வளவு சுலபம் என்றால் உகாண்டாவுக்குப் பக்கத்து நாடான ருவாண்டாவை விளக்குங்கள். அங்கேயும் பெரும்பான்மை கிறிஸ்தவர்கள், தேவாலயத்துக்குப் போகிறவர்கள், ஓரினச்சேர்க்கையை விரும்பாதவர்கள். ஆனால் அதைக் குற்றமாக்கும் சட்டம் கிடையாது. காங்கோவிலும் இல்லை. இரண்டும் பெல்ஜியத்தின் கீழ் இருந்தவை. பிரான்ஸ் 1791லேயே அந்தக் குற்றத்தைச் சட்டப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டதால் அந்த வழியில் வந்த சட்டங்களில் அது இல்லை. ஐவரி கோஸ்டிலும் அப்படியே. பக்தி அளவு ஒன்றுதான், பரம்பரையாக வந்த சட்டப் புத்தகம்தான் வேறு.

எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது வந்து கேட்பார்கள். உதுமானியப் பேரரசு, கலீஃபாவே ஆண்ட பேரரசு, 1858இல் புதுத் தண்டனைச் சட்டம் போட்டபோது அதில் இந்தக் குற்றம் இல்லை. ஜோர்டானில் 1951லிருந்து இல்லை. இந்தோனேசியாவில் தேசிய அளவில் தனியாக இதற்கென்று தடை கிடையாது. ஆனால் அதே இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தில் ஷரியத் சட்டத்தின் பெயரில் 2017இல் இரண்டு ஆண்களைப் பொதுமேடையில் நிறுத்தி ஆளுக்கு 83 பிரம்படி கொடுத்தார்கள். ஈரானில் மரண தண்டனை. புருனே 2019 ஏப்ரலில் கல்லெறிந்து கொல்லும் தண்டனையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது, உலகமே கத்தியதும் மே மாதமே சுல்தான் மரண தண்டனை நிறைவேற்றப்படாது என்றார். சட்டம் அப்படியேதான் இருக்கிறது. ஆக ஒரே குர்ஆன், ஒரே ஹதீஸ், நாட்டுக்கு நாடு வேறு முடிவு. பாவம் என்பதில் ஆலிம்களுக்குள் பெரிய சண்டை இல்லை. அதைப் போலீஸ் வேலையாக்குவது யார், எப்போது, எதற்காக என்று பார்த்தால்தான் பிடி கிடைக்கும்.

இன்னொன்று. 2023 உகாண்டா மசோதாவைக் கொண்டுவந்தவர் அசுமான் பசலிர்வா, முஸ்லிம். கிறிஸ்தவர்கள் 80 விழுக்காட்டுக்கு மேல் உள்ள நாட்டில், கிறிஸ்தவர்கள் நிரம்பிய நாடாளுமன்றத்தில். மற்ற விஷயங்களில் முகம் கொடுத்துப் பேசாதவர்கள்கூட இதில் தோளோடு தோள் நின்றார்கள்.

கம்பாலா மதுரைக்காரன்:
இங்கேதான் வேலை பார்க்கிறேன், சில வருடங்களாக. பேர், கம்பெனி எல்லாம் கேட்காதீர்கள், "ஊக்குவித்தல்" பிரிவு என்னைப் போன்ற வெளிநாட்டுக்காரனுக்கும் பொருந்தும்.

நூர் பாய் சொன்ன "எப்போது" என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். 2009 மசோதா நான்கு ஆண்டு தூங்கியது. 2013 டிசம்பர் 20ஆம் தேதி, கிறிஸ்துமஸுக்கு முன்னால், திடீரென நிறைவேற்றினார்கள். தூக்கை எடுத்துவிட்டு ஆயுள் தண்டனை வைத்தார்கள். முசெவேனி முதலில் கையெழுத்துப் போட மறுத்தார், பிறகு "இது பிறவியிலேயே வருவதா" என்று விஞ்ஞானிகள் குழுவைக் கேட்டார், கட்சிக்காரர்களின் நெருக்கடி ஏறியதும் 2014 பிப்ரவரியில் கேமராக்கள் முன்னால் கையெழுத்துப் போட்டார். ஆகஸ்டில் அரசியலமைப்பு நீதிமன்றம் சட்டத்தையே தூக்கி எறிந்தது. காரணம் மனித உரிமை என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். வாக்கெடுப்பு நடந்த அன்று சபையில் போதிய உறுப்பினர்கள் இல்லை, அவ்வளவுதான்! அதனால்தான் 2023இல் கவனமாக ஆள் சேர்த்து நிறைவேற்றினார்கள். எதிர்த்துப் பேசிய ஃபாக்ஸ் ஓடோய் ஆளும் கட்சிக்காரர் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நீதிமன்றமும் 2024 ஏப்ரலில் சில பிரிவுகளை மட்டும் வெட்டிவிட்டு (வீடு வாடகைக்கு விடுவது, தெரிந்தால் போலீசில் சொல்லியே ஆக வேண்டும் என்பது போன்றவை) மற்றதை அப்படியே விட்டுவிட்டது.

விலைவாசி, ஊழல், வேலையில்லாத் திண்டாட்டம் பற்றி இங்கே ஓட்டுக் கேட்டு வருபவனிடம் பதில் இல்லை. இதில் மட்டும் எல்லாருக்கும் ஒரே பதில். ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் கை தட்டும், ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்திலும் வரும், வெள்ளிக்கிழமை குத்பாவிலும் வரும். செலவே இல்லாத பிரச்சாரம்.

தேவகோட்டை மேரி:
உகாண்டாவின் கிறிஸ்தவத் தியாகிகள் கொல்லப்பட்ட நமுகொங்கோ பற்றி யாரும் பேசவில்லையே. ஜூன் 3ஆம் தேதி நம் கத்தோலிக்க நாள்காட்டியிலும் புனிதர்கள் சார்லஸ் லுவாங்காவும் தோழர்களும் நினைவு நாள் வரும். மறைக்கல்வி வகுப்பில் கேட்டிருப்பீர்கள். 1886இல் புகாண்டா (இன்றைய உகாண்டாவுக்குள் இருக்கும் பழைய ராஜ்யம்) அரசன் முவாங்கா, தன் அரண்மனைப் பணியாளர்களை, பல பேர் இளைஞர்கள், விசுவாசத்தை விடச் சொல்லி மறுத்ததால் உயிரோடு எரித்தான். கத்தோலிக்கர் 22 பேரை ஆறாம் பவுல் 1964இல் புனிதர்களாக அறிவித்தார். ஆங்கிலிக்கன் சபையை (இங்கிலாந்து சபை வழி வந்தது) சேர்ந்த 23 பேரும் உண்டு. நாங்கள் படித்த கதையில், அரசனின் பாலியல் விருப்பத்துக்கு அவர்கள் இணங்கவில்லை என்பதும் ஒரு காரணம்.

இது உகாண்டாவில் வெறும் பக்திக் கதை இல்லை. அன்றைக்கு அரசு விடுமுறை, லட்சக்கணக்கானோர் நடந்தே போகிறார்கள், அதிபரே போவார். அந்த மண்ணில் கிறிஸ்தவம் பிறந்த கதையிலேயே இந்த விஷயம் உட்கார்ந்திருக்கிறது. அமெரிக்கப் போதகர் வந்து சொல்லித்தர வேண்டிய அவசியமே இல்லை.

கம்பாலா மதுரைக்காரன்:
மேரி அக்கா, சரியான இடத்தில் கை வைத்தீர்கள். இங்கே மேடைக்கு மேடை இரண்டு வாதம் சேர்ந்தே வரும். ஒன்று, தியாகிகள் இதை எதிர்த்துத்தான் உயிரை விட்டார்கள். இன்னொன்று, இந்தப் பழக்கம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது, ஆப்பிரிக்காவில் இருந்ததே இல்லை. அப்படியானால் முவாங்கா யார், லண்டனில் பிறந்தவனா? வெள்ளைக்காரன் ஆட்சி வருவதற்கு முந்தைய ராஜா. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் பேச்சாளர்களைக் கேட்டிருக்கிறேன், கூட்டம் இரண்டுக்கும் கை தட்டும்.

வடகரையான்:
மேரி அவர்களே, அந்தக் கதை நம் கைக்கு வந்தது பெரும்பாலும் மிஷனரிகள் எழுதி வைத்த வழியாக. அரசனுக்கு மேலே இன்னொரு ராஜாவை வணங்குகிறோம் என்று சொன்ன இளைஞர்களால் அரண்மனைக்கு வந்த அரசியல் பயமும், கரையோரத்தில் வெள்ளைக்காரன் நெருங்கி வந்ததும் சேர்ந்துதான் அந்தக் கொலைகள். ஆனாலும் உங்கள் வாதத்தை மறுக்கவில்லை, விதை விழும் நிலம் முன்பே உழப்பட்டிருந்தது.

லைவ்லிக்குத் திரும்ப வருகிறேன், சாம் அவரைப் பற்றிச் சொன்னதற்காக. உகாண்டாவின் தன்பாலீர்ப்பாளர் அமைப்பு அவர்மேல் 2012இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் வழக்குப் போட்டது. 2017இல் நீதிபதி பான்சர் வழக்கைத் தள்ளுபடி செய்தார். காரணம், வெளிநாட்டில் நடந்ததை அந்தச் சட்டத்தின் கீழ் விசாரிக்க அதிகாரம் இல்லை என்பது. ஆனால் அதே தீர்ப்பில் உகாண்டாவில் நடந்த ஒடுக்குமுறைக்கு இவர் துணைபோனார் என்று கடுமையாக எழுதினார். திட்டு வாங்கிக்கொண்டு ஜெயித்தார் லைவ்லி. அந்தத் திட்டையும் எடுக்கச் சொல்லி மேல்முறையீடு போய், அங்கே ஒன்றும் நடக்கவில்லை.

கொங்கு வேலன்:
எல்லாம் சரி, மேற்கத்தியப் பணத்தைப் பற்றியும் பேசுங்கள். 2023 ஆகஸ்டில் உலக வங்கி உகாண்டாவுக்குப் புதுக் கடன் கிடையாது என்றது. அமெரிக்கா 2024 ஜனவரியிலிருந்து வர்த்தகச் சலுகையை நிறுத்தியது. இதே நாடுகள் சவூதியிடம் இப்படிப் பேசுமா? எண்ணெய் இருப்பவனுக்கு ஒரு நியாயம், வாழைப்பழம் இருப்பவனுக்கு இன்னொன்று. பைபிள் கொண்டுபோனது திணிப்பு என்றால் இதுவும் திணிப்புதான்.

கம்பாலா மதுரைக்காரன்:
வேலன் அண்ணே, இதில் பாதி உங்களோடு ஒத்துப்போகிறேன். 2011இல் பிரிட்டிஷ் பிரதமர் கேமரூன், இந்தச் சட்டம் வைத்திருக்கும் நாடுகளுக்கு உதவியை வெட்டுவோம் என்றபோது, அதை எதிர்த்து அறிக்கை விட்டவர்களில் ஆப்பிரிக்கத் தன்பாலீர்ப்பாளர் உரிமைக்காரர்களே இருந்தார்கள். உதவி நின்றால் பழி எங்கள் தலையில்தான் விழும், மருத்துவமனையில் மருந்து இல்லாவிட்டால் முதலில் சாவதும் நாங்கள்தான் என்பது அவர்கள் கவலை. அதே போலத்தான் ஆனது. உலக வங்கி அறிவிப்புக்குப் பிறகு முசெவேனிக்கு இன்னொரு மேடை கிடைத்தது, வெள்ளைக்காரனுக்குப் பணியாத தலைவர் என்று.

ஆனால் திணிப்பு வாதத்தை வைத்துக்கொண்டு உள்ளே நடப்பதை மறைக்க முடியாது. 2010இல் இங்கே ஒரு வாரப் பத்திரிகை, அமெரிக்கப் பத்திரிகை ஒன்றின் பெயரையே கடன் வாங்கி நடத்தியது, "தூக்கிலிடு" என்று போட்டு ஆட்களின் படத்தையும் முகவரியையும் அச்சடித்தது. அதில் டேவிட் காட்டோவும் ஒருவர், முன்னாள் ஆசிரியர். நீதிமன்றத்துக்குப் போய் ஜெயித்தார். சில வாரங்களில், 2011 ஜனவரி 26 அன்று, வீட்டிலேயே சுத்தியலால் அடித்துக் கொல்லப்பட்டார். போலீஸ் அதற்கும் பத்திரிகைக்கும் தொடர்பில்லை என்றது, ஒருவனுக்கு 30 ஆண்டு தண்டனையும் கிடைத்தது. அடக்கத்துக்கு வந்த போதகர் அங்கேயே ஓரினச்சேர்க்கையாளர்களைத் திட்டிப் பிரசங்கம் செய்தார். கடைசியில் ஜெபம் சொல்லி மண் போட்டவர் பிஷப் கிறிஸ்டோபர் சென்யோன்ஜோ. இவர்களுக்கு ஆலோசனை சொல்லப் போனார் என்று சொந்தச் சபையால் ஒதுக்கப்பட்டவர்.

பாளையங்கோட்டை சாம்:
சென்யோன்ஜோவைக் கொண்டுவந்ததற்கு நன்றி மதுரைக்காரன். நான் சொல்ல நினைத்ததும் அதுதான். இங்கிலாந்தில் 1967இல் சட்டம் தளர்ந்தபோது அதற்குப் பின்னால் சபையும் இருந்தது. 1954லேயே இங்கிலாந்து சபையின் ஒரு குழு இதைக் குற்றமாக வைத்திருக்க வேண்டாம் என்று எழுதியது. கேன்டர்பரி பேராயர் மைக்கேல் ராம்சே பாவம் என்று நம்பிக்கொண்டே, சிறையில் போட வேண்டாம் என்று பிரபுக்கள் சபையில் ஆதரித்தார். ஆனால் வட அயர்லாந்தில் 1977இல் இயன் பெய்ஸ்லி, இவரும் போதகர்தான், சட்டத்தைத் தளர்த்தக் கூடாது என்று ஊர் ஊராகக் கையெழுத்து வேட்டை நடத்தினார். 1981இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்ன பிறகுதான் அங்கே மாறியது. கடலைத் தாண்டினால் அதே வேதம், வேறு பிரசங்கம்.

இன்று நிலைமை தலைகீழ். எங்கள் சிஎஸ்ஐயும் சேர்ந்திருக்கும் ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில், அப்போதைய கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி 2023 ஜூனில் உகாண்டா சபைத் தலைவர் காசிம்பாவுக்குக் கடிதம் எழுதினார், இந்தச் சட்டத்தை ஆதரிக்காதீர்கள் என்று. காசிம்பா மசியவில்லை. மரண தண்டனைக்குப் பதிலாக ஆயுள் தண்டனை போதும் என்பதுதான் அவர் நிலை. அதற்கு இரண்டு மாதம் முன்பே கிகாலியில் கூடிய பழமைவாத ஆங்கிலிக்கன்கள், வெல்பியின் தலைமையையே ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். காரணம், இங்கிலாந்து சபை ஒரே பாலின இணையருக்கு ஆசீர்வாத ஜெபம் அனுமதித்தது. அதாவது உகாண்டா சட்டம் பாதி உள்நாட்டு விவகாரம், பாதி எங்கள் சபைக்குள் நடக்கிற குடும்பச் சண்டை. முன்பு சபையை அனுப்பியவர்கள் இப்போது சொல்வதைக் கேட்க அங்கே யாரும் தயாரில்லை.

தேவகோட்டை மேரி:
போப் பிரான்சிஸும் 2023 ஜனவரியில் சொன்னார்: குற்றமில்லை, பாவம் வேறு குற்றம் வேறு, இப்படிப்பட்ட சட்டத்தை ஆதரிக்கும் ஆயர்கள் மனம் மாற வேண்டும் என்று. அடுத்த மாதமே தென் சூடானிலிருந்து திரும்பும் விமானத்தில் வெல்பியையும் ஸ்காட்லாந்து சபைத் தலைவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பச் சொன்னார். மார்ச்சில் உகாண்டா நாடாளுமன்றம் மசோதாவை நிறைவேற்றியது. ரோமின் குரல் எவ்வளவு தூரம் கேட்கிறது பாருங்கள்.

உட்லண்ட்ஸ் வாசி:
ஆப்பிரிக்காவையே சுற்றுகிறீர்கள், சிங்கப்பூருக்கும் வாருங்கள். எங்கள் 377ஏ 1938இல் வெள்ளைக்காரன் போட்டது, ஆண்களுக்கு மட்டும். 2007இல் 377ஐ எடுத்தார்கள், 377ஏவை வைத்துக்கொண்டார்கள். நாடாளுமன்றத்தில் அதை வைத்திருக்கச் சொல்லிப் பேசிய குரல்களில் கிறிஸ்தவப் பழமைவாதம் தெளிவாகவே இருந்தது. 2014இல் ஒரு முஸ்லிம் ஆசிரியர் வெள்ளை உடுத்தும் எதிர்ப்பைத் தொடங்க, ஒரு பெரிய சர்ச்சின் போதகரும் சேர்ந்துகொண்டார். நூர் பாய் சொன்ன அதே கூட்டணி.

ஆனால் முடிவு வேறு. 2022 ஆகஸ்டில் அப்போதைய பிரதமர் லீ அறிவித்தார், நவம்பரில் நாடாளுமன்றம் எடுத்தது. மசோதாவைக் கொண்டுவந்த அமைச்சர் சண்முகம், நம்மவர். எப்படி முடிந்தது தெரியுமா? சட்டத்தை எடுக்கும் அதே நாளில், திருமண வரையறையை நீதிமன்றத்தில் யாரும் கவிழ்க்க முடியாதபடி அரசியலமைப்பையும் திருத்தினார்கள். சர்ச்சுகளும் பள்ளிவாசல்களும் பயந்தது அதற்குத்தான், அதைக் கொடுத்துவிட்டு இதை வாங்கினார்கள். உரிமைக்காரர்களுக்கு அது கசப்பு, பாதி வெற்றி என்றார்கள். எனக்குத் தோன்றுவது, மதத் தலைவர்களை அடக்காமல் பேரம் பேசிய அரசு அது. அந்தப் பேரத்துக்கு வலுவான அரசு வேண்டும். முசெவேனிக்கு வலு இருக்கிறது, மனசு இல்லை.

ஈரோட்டுச் செங்கல்:
சரி, ஒரே வரியில் முடியாது போலிருக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். நல்ல போதகர், கெட்ட போதகர் என்று பிரித்துக்கொண்டே போகிறீர்கள். சட்டம் போட வேண்டிய இடத்தில் போதகரின் அபிப்பிராயத்தை ஏன் கேட்க வேண்டும்? ராம்சே ஆதரித்தார் என்று மகிழ்ந்தால் நாளைக்கு இன்னொரு பேராயர் எதிர்த்தால் என்ன செய்வீர்கள்?

பாளையங்கோட்டை சாம்:
நியாயமான கேள்வி. என் பதில்: கேட்காமல் இருக்க முடிகிற நாட்டில் கேட்க வேண்டாம். உகாண்டாவில் முடியாது. அங்கே ஒரு எம்பி தொகுதிக்குப் போனால் முதலில் மேடை ஏறுவது தேவாலயத்தில். அந்த மேடையை மொத்தமாக அந்தப் பக்கத்துக்கு விட்டுக்கொடுக்கச் சொல்கிறீர்களா?

ஈரோட்டுச் செங்கல்:
விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. மேடையையே சட்டசபையிலிருந்து தள்ளி வைக்கச் சொல்கிறேன். இதில் நாம் இரண்டு பேரும் ஒத்துப்போக மாட்டோம், பரவாயில்லை.

யாழ் தும்பி:
எங்கள் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கோ. இலங்கையில் இந்த உறவைக் குற்றமாக்கிற 365, 365ஏ பிரிவுகள் இன்னும் இருக்கு, பிரிட்டிஷார் விட்டுட்டுப் போனதுதான். 1995இல் சட்டத்தைத் திருத்தும்போது நீக்குவினம் எண்டு பார்த்தால், ஆண்களுக்கு மட்டும் இருந்ததைப் பெண்களுக்கும் சேர்த்து விரிச்சுப் போட்டார்கள். 2022இல் பிரேம்நாத் தொலவத்த தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் (உங்கட உச்ச நீதிமன்றம் மாதிரி) போனவர்கள் ஒழுக்கம், பண்பாடு, பௌத்தம் எல்லாவற்றையும் இழுத்தார்கள். 2023 மே மாதம் நீதிமன்றம் மசோதாவில் அரசியலமைப்புக்கு முரணாக ஒன்றுமில்லை, சாதாரணப் பெரும்பான்மை போதும் என்று சொல்லிவிட்டது. ஆனாலும் வாக்கெடுப்புக்கு வரவில்லை. 2024இல் நாடாளுமன்றம் கலைந்ததோடு மசோதாவும் போய்விட்டது. மறுபடி ஒருவர் முதலிலிருந்து கொண்டுவர வேணும்.

வடகரையான்:
தும்பி, நீதிமன்றம் வழிவிட்ட பிறகும் கட்சிகள் கையில் எடுக்கவில்லை என்றால் அங்கே தடுத்தது யார்? பிக்குகளா, ஓட்டா?

யாழ் தும்பி:
பிக்குகள் எதிர்ப்பினம் எண்ட பயம்தான் முதல். அதோடு கிறிஸ்தவ, முஸ்லிம் ஓட்டும் போகும் எண்ட கணக்கு. ஒருத்தரும் வெளியில் வந்து "நான் எதிர்க்கிறேன்" எண்டு பெரிசாச் சொல்லவே தேவைப்படவில்லை.